ஏழாம் படி இருமல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏசி ரிப்பேர் செய்கிற தமீம் அன்சாரி சிகரெட்டை விட்டுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவனுக்கு இருமல் வந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். இருபத்திரண்டு வருடமாக ஊதித் தள்ளிய காலத்தில், காலையில் பல் விளக்கும்போது நாலு இருமல் இருமுவான், அதோடு அன்றைய கணக்கு முடிந்துவிடும். விட்ட பிறகோ ஏணியில் நின்றால் இருமல், இறங்கினால் இருமல், வாடிக்கையாளரிடம் ஃபில்டரைக் காட்டிப் பிரசங்கம் செய்யும்போது நடுவில் இருமல். அந்தப் பிரசங்கம் ஊரில் பிரபலம். "மூணு மாசத்துக்கு ஒருவாட்டி ஃபில்டரக் கழுவலன்னா மெஷின் எப்படிங்க மூச்சு விடும்?" என்று கேட்பான். கேட்டுவிட்டு வெளியே போய் ஒன்று பற்ற வைப்பான். இது முரண்பாடு என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

விட்டதற்குக் காரணம் மனைவி நௌஷீன். பெருநாள் காலையில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நோன்பு வெச்சி பதினாலு மணி நேரம் சிகரெட்டு இல்லாம இருக்கீங்க மச்சான். மீதி பத்து மணி நேரத்துக்கு மட்டும் அது எதுக்கு?" அன்றைக்கே விட்டான்.

ஆனால் அவன் மெக்கானிக். நன்றாக ஓடிய மெஷின் சர்வீஸுக்குப் பிறகு சத்தம் போட்டால் சர்வீஸில்தான் கோளாறு என்பது அவன் தொழில் கற்றுக்கொடுத்த உண்மை. அதனால் டூல் பையின் அடியில், கேஸ் மீட்டருக்குக் கீழே, பிரிக்காத பாக்கெட் ஒன்றை வைத்திருந்தான். இருபத்தோராம் நாள் வரை பார்ப்பது, சத்தம் நிற்கவில்லையென்றால் பழைய நிலைக்கே திருப்பிவிடுவது என்று முடிவு.

விட்டதில் அவன் கண்ட ஒரே நன்மை மூக்கு. அது எங்கோ போயிருந்து திரும்பி வந்திருந்தது. முதுநகர்ப் பக்கம் போனால் கருவாட்டு வாடை தெரு முனையிலேயே வந்து வரவேற்றது. இது நன்மைதானா என்பதிலும் அவனுக்குச் சந்தேகம் இருந்தது.

பத்தொன்பதாம் நாள், ஒரு தனியார் கிளினிக்கில் நுரையீரல் பரிசோதனை அறையின் ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்த அறையின் டெக்னீஷியன் இளமதி, புவனகிரிக்காரப் பெண், தன் மேசையிலிருந்து அவன் இருமலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டுக்காரனின் சுருதியைக் கேட்பது போலக் கேட்டாள். பிறகு, எத்தனை நாளாக என்றாள். அவன் சொன்னான். சிகரெட் உண்டா என்றாள். விட்டாச்சு என்றான். என்றைக்கு என்றாள். சொன்னான். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இது நல்ல இருமல்ணே. எழுந்துட்டாங்க."

"யாரு மேடம்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னாள். அடுத்த நோயாளி வரக் கால் மணி நேரம் இருந்தது. விளக்கம் சொல்வதற்கு ஆள் கிடைத்தால் விடுகிற ரகம் இல்லை அவள்.

மூச்சுக் குழாயின் உள்சுவரில் வரிசையாகச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் தலையிலும் இருநூறு போல நுண்ணிய ரோமங்கள். காற்றில் வரும் தூசி, கிருமி எல்லாம் அங்கே இருக்கிற சளியில் ஒட்டிக்கொள்ளும். இந்த ரோமங்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, வாசல் பெருக்குவது போல அந்தச் சளியை மேலே தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அதை அறியாமல் விழுங்கிவிடுவோம். புகை வந்தால் ரோமங்கள் மயங்கிப்போகும், நாளடைவில் குட்டையாகும். சளி சுரப்பதோ அதிகமாகும். பெருக்க ஆள் இல்லாமல் குப்பை தேங்கும். புகையை நிறுத்தினால் சில நாட்களில் ரோமங்கள் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். இருபத்திரண்டு வருடக் குப்பை. சத்தம் இல்லாமல் எப்படி வரும்?

தமீமுக்கு இது நன்றாகவே புரிந்தது. பல வருடம் கழுவாத ஏசிக் காயிலில் தண்ணீரைப் பீய்ச்சினால் முதலில் கறுப்பாகத்தான் கொட்டும். அதைப் பார்த்து, "கழுவி அழுக்காக்கிட்டியே" என்று அவனோடு சண்டை போட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. அந்த வாடிக்கையாளராகத் தானே ஆகியிருப்பதை அவன் உணர்ந்தான்.

"சரி, கேன்சர் எப்படி மேடம் வருது? அழுக்கு சேந்தா அடைச்சிக்கும், ஒத்துக்கிறேன். கட்டி எதுக்கு வரணும்?"

இளமதி கால் மணியை மறந்தாள். புகையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள், அவற்றில் எழுபது போலப் புற்றுநோய் வரவழைப்பவை. அவற்றில் ஒன்று உள்ளே போனதும், உடம்பு அதைத் தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றி வெளியேற்றப் பார்க்கும். வேடிக்கை என்னவென்றால், அப்படி மாற்றுகிற வழியில்தான் அது பசை போல ஆகி, செல்லுக்குள் இருக்கும் மரபணுவில் போய் ஒட்டிக்கொள்ளும். மரபணு என்பது செல்லின் சர்க்யூட் டயகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். செல் இரண்டாகப் பிரியும்போது டயகிராமையும் நகல் எடுக்கும். பசை ஒட்டிய இடத்தில் ஓர் எழுத்து தப்பாக விழும். தினம் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் குடித்தால் நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் நூற்றைம்பது தப்பு போல விழுகிறது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. பெரும்பாலான தப்புகளால் ஒன்றும் ஆகாது. ஆனால் "போதும், பிரியாதே" என்று சொல்கிற பிரேக் இருக்கும் இடத்திலும், அதுபோல இன்னும் இரண்டொரு இடத்திலும் தப்பு விழுந்துவிட்டால், அந்தச் செல் நிற்காமல் பெருகும்.

"தெர்மோஸ்டாட் போன ஏசி மாதிரி. கட் ஆஃப்பே ஆவாது" என்றான் தமீம்.

"அதேதான்ணே" என்று அவள் மேசையைத் தட்டினாள்.

பிறகு அவனை, நுரையீரலின் வயதைச் சொல்லும் மெஷினில் ஊதச் சொன்னாள். நாற்பத்து நாலு வயதுத் தமீமின் நுரையீரலுக்கு அறுபத்தொன்று என்று வந்தது. உங்கள் மெஷினுக்குக் கேலிபரேஷன் சரியில்லை என்று அவன் வாதாடினான். அவள் தானே ஊதிக் காட்டினாள். அவளுக்கு இருபத்தொன்பது, மெஷினும் அதையே சொன்னது. அவன் முகம் விழுந்ததைப் பார்த்து அவள் இன்னொன்று சொன்னாள். சிகரெட்டை விட்டவர்களின் நுரையீரலை ஆராய்ந்தபோது, கெட்டுப்போன செல்களுக்கு நடுவே, நூற்றில் நாற்பது வரைகூட, கிட்டத்தட்டப் புகையே படாதவை போன்ற செல்கள் இருந்தனவாம். இத்தனை வருடமும் எங்கே ஒளிந்திருந்தன என்று இன்னும் தெரியவில்லை. புகை நின்றதும் அவை வெளியே வந்து பெருகி, இடத்தைப் பிடிக்கின்றன. பத்து வருடம் விட்டிருந்தால், தொடர்ந்து குடிப்பவனோடு ஒப்பிடும்போது நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பாதியாகக் குறையும். பழைய தப்பு அத்தனையும் அழிந்துபோகாது. ஆனால் புகையால் புதிதாக விழாது.

அவன் ஏணியை மடிக்கும்போது அவள் கடைசியாகச் சொன்னாள். "உங்க இருமல் ஒரு மாசம் ரெண்டு மாசத்துல நின்னுடணும். நிக்கலன்னா வந்து எக்ஸ்ரே எடுத்துடுங்க. விட்டவன் இருமுனா சந்தோஷம். விடாதவனுக்கு மாசக்கணக்கா இருமல், குரலும் மாறிப்போச்சுன்னா, ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் காதில் வாங்கினானே தவிர மனதில் வாங்கவில்லை. தனக்கு வேண்டியது கிடைத்த சந்தோஷத்தில் இருந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து பைக்கில் சிதம்பரம் போனான். மாதம் இரண்டு வெள்ளி மாமனார் வீட்டில் சாப்பாடு. மாமனார் அபுல் ஹசன் பாத்திரக்கடை வைத்திருந்து, இப்போது மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். அறுபத்தெட்டு வயது. பதினேழு வருடத்துக்கு முன் நிக்காஹ் பேசும்போது, "எம்மருமவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, டீயே ஜாஸ்தி குடிக்க மாட்டாரு" என்று ஜமாத்தார் முன்னால் சொன்னவர். அந்த வார்த்தையைத் தமீம் பதினேழு வருடமாகக் கட்டிக் காத்து வந்தான். எப்படிக் காத்தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போவான். அங்கே அவனே மாட்டிக்கொடுத்த ஏசியின் அவுட்டோர் யூனிட் இருக்கிறது. வாட்டர் டேங்குக்குப் பின்னால் நின்று ஒன்று பற்ற வைப்பான். பாதி போகும்போது கீழே படிக்கட்டில், சரியாக ஏழாம் படியில், மாமாவின் இருமல் கேட்கும். உடனே பழைய பெயின்ட் டப்பாவில் சிகரெட்டை அணைத்து, ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டு, அவுட்டோர் யூனிட் முன்னால் போய் நிற்பான். மாமா மேலே வந்து, "கேஸ் இருக்குதா மாப்புள?" என்பார். "இருக்குது மாமா" என்பான். இருவரும் கொஞ்ச நேரம் காற்று வாங்குவார்கள். பதினேழு வருடமாக இதே வசனம்.

முதல் இரண்டு வருடம் அந்த இருமலைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்தான். பிறகுதான் புரிந்தது: மாமாவுக்கு எல்லாம் தெரியும், மருமகனின் மானம் போகக் கூடாதென்று முன்கூட்டியே சத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். எப்பேர்ப்பட்ட மனிதர் என்று நௌஷீனிடம் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறான். தெரியும், ஆனால் தெரியாது. அதை வாய்விட்டுச் சொன்னால்தான் மரியாதைக் கேடு.

அன்றைக்கும் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனான். பழக்கம் காலில் இருந்தது. ஏழாம் படியில் இருமல் கேட்டது. கை தானாக டேங்குக்குப் பின்னால் போய், அணைக்க ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. செய்ய வேலை இல்லாததால், அந்த இருமலை முதன்முறையாக முழுதாகக் கேட்டான். மரியாதைக்கு இருமுகிறவர் மூன்று இருமலோடு நிறுத்துவார். மாமா பதினொன்று இருமினார். நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சத்தம் கேட்டது. மேலே வந்து, "கேஸ்" என்றார். மூச்சு வாங்கினார். "இருக்குதா மாப்புள?" குரல் தகரத்தைத் தரையில் இழுப்பது போல இருந்தது.

காற்று மாமாவின் பக்கமிருந்து வீசியது. சிகரெட் வாடை.

தமீம் பதறிப்போய்த் தன் விரல்களை முகர்ந்து பார்த்தான். சட்டையை முகர்ந்தான். ஒன்றும் இல்லை. அப்போது மாமாவின் கடைவாயில் ஏலக்காய் உடைகிற சத்தம் கேட்டது.

ஒரு சிக்கலான சர்க்யூட்டில் எந்த வயர் எங்கே போகிறது என்று சட்டெனத் தெரிந்துவிடும் ஒரு கணம் உண்டு. தமீமுக்கு அது வந்தது. கொல்லைப்பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார். வாடை போக மாடிக்கு வந்து காற்று வாங்குகிறார். ஏறும்போது ஏழாம் படியில் மூச்சு முட்டுகிறது. அது மரியாதை இல்லை. அது வெறும் இருமல். இளமதியின் கடைசி வாக்கியம் இப்போதுதான் அவன் மனதுக்குள் இறங்கியது. குரல் மாறி எத்தனை நாள்?

சொன்னால் பெரியவர் முகத்துக்கு நேரே, "நீங்க சிகரெட்டு குடிக்கிறீங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கீழே போய்ச் சாயா குடிக்கலாம். அதைத்தான் பதினேழு வருடமாகச் செய்தான்.

முதலில் சுற்றி வளைத்துப் பார்த்தான். கடலூரில் ஒரு மெஷின் வந்திருக்கிறது, ஊதினால் நுரையீரலின் வயதைச் சொல்கிறது, சும்மா ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்றான்.

"அதெல்லாம் பீடி சிகரெட்டு குடிக்கிறவனுக்கு மாப்புள. நமக்கு எதுக்கு?" என்றார் மாமா, ஏலக்காய் மணக்க.

அந்த 'நமக்கு'தான் தமீமை உடைத்தது.

"மாமா, நான் இருவத்திரண்டு வருஷம் குடிச்சேன். இங்கயும் குடிச்சேன், இந்த டேங்குக்குப் பின்னாடி. விட்டு இருவது நாளாவுது. நீங்க படியிலேயே இருமி எனக்கு டைம் குடுத்தீங்க. அந்த மரியாதைய நான் மௌத்தாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மாமா அவனையே பார்த்தார். "என்னா டைமு?"

"நீங்க இருமுவீங்களே மாமா. நான் அணைச்சிடணும்னு."

"நான் இருமுனா எனக்கு இருமல் வருதுன்னு அர்த்தம்." அவர் டேங்குக்குப் பின்னால் போய்ப் பெயின்ட் டப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். "எம்மருமவன் சாப்புட்ட கை காயறதுக்குள்ள மெஷினப் பாக்க மாடிக்குப் போவாரு, அப்படி ஒரு தொழில்பக்தின்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேன். அப்ப கேஸ் இருக்குதுன்னு சொன்னதெல்லாம்?"

"பாத்ததில்லீங்க மாமா."

"பதினேழு வருஷமா?"

தமீம் தலை குனிந்தான். குனிந்தபடியே சொன்னான். "எனக்கு இப்ப மூக்கு நல்லாயிடுச்சு மாமா."

மாமா காற்று வீசும் திசையைப் பார்த்தார். இரண்டடி தள்ளி நின்றார். அதனால் பயனில்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். "நாப்பத்தாறு வருஷம்" என்றார்.

"என்னோடது அதுல பாதிகூட இல்ல மாமா."

"இதுல ஒனக்குப் போட்டி வேறயா?"

குரல் எப்போதிலிருந்து இப்படி என்று தமீம் கேட்டான். நோன்புக்கு முன்னாலிருந்து, மூன்று மாதம் இருக்கும் என்றார். பயந்துகொண்டுதான் இருக்கிறார். ஆனால் டாக்டரிடம் போனால் சிகரெட் உண்டா என்று கேட்பார், பக்கத்தில் மனைவி ஜொஹரா நிற்பாள், அதனால்தான் போகவில்லை என்றார். அறுபத்தெட்டு வயதில் விட்டு என்ன ஆகப் போகிறது என்றும் கேட்டார். தமீம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோமங்களைச் சொன்னான், பசையைச் சொன்னான், கட் ஆஃப் ஆகாத தெர்மோஸ்டாட்டைச் சொன்னான். ஒளிந்திருக்கிற செல்களைச் சொன்னபோது மாமா நிமிர்ந்தார்.

"அதுங்களுக்கும் ஒளிஞ்சிக்கிறதுதான் வேலையா?"

"நாம வெளிய வந்துட்டோம் மாமா. அதுங்களும் வரும்."

தமீம் டூல் பையைத் திறந்து அந்தப் பிரிக்காத பாக்கெட்டை வெளியே எடுத்தான். மாமாவின் கை, அவரைக் கேட்காமலே, அதை நோக்கி நீண்டது. இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். கை திரும்பிப் போனது. தமீம் பாக்கெட்டைப் பெயின்ட் டப்பாவில் போட்டு, டேங்குக் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தான்.

கீழே மாமி ஜொஹரா பீவியிடம், நாளைக்குக் கடலூரில் ஒரு புது ஏசி பார்க்கப் போகிறோம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மாமி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "அப்படியே நெஞ்சுக்கு எக்ஸ்ரேவும் எடுத்துட்டு வாங்க" என்றார். "மாசம் நூறு கிராம் ஏலக்காய் வாங்குறேன். இந்த வீட்டுல சாயாவுல போட ஒண்ணு இருக்குதா? பிரியாணியா பொங்குறோம் தெனமும்? மாமனாரும் மருமவனும் தானா சொல்லட்டும்னு பதினேழு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

கடலூரில் இளமதி மாமாவை ஊதச் சொன்னாள். மெஷின் தொண்ணூற்றிரண்டு என்றது. "என்னப் பெத்த அத்தாவே எழுவத்தெட்டுலதான் மௌத்தானாரு" என்றார் மாமா, மெஷினை மரியாதையோடு பார்த்து. மூச்சுக் குழாய்கள் சுருங்கியிருந்தன. டாக்டர் எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல் சிடி ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். குரலுக்காகத் தொண்டை டாக்டரிடமும் அனுப்பினார். முடிவு வரும் வரை இரண்டு நாள் தமீம் ஒரு வாடிக்கையாளருக்கும் பிரசங்கம் செய்யவில்லை.

குரல் நாணில் வீக்கம்தான், கட்டி இல்லை என்று வந்தது. நுரையீரலில் நாலு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. இந்த அளவுப் புள்ளிகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, ஆனால் நாற்பத்தாறு வருடம் குடித்த ஆள் என்பதால் ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். மாமா அந்தத் தேதியைத் தன் கையாலேயே காலண்டரில் எழுதப் பார்த்தார். அடுத்த வருடக் காலண்டர் இன்னும் வரவில்லை. அதனால் சமையலறைச் சுவரில் எழுதினார்.

மாமா சிகரெட்டை விட்ட ஒன்பதாம் நாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. "மாப்புள, விட்டது தப்பாப் போச்சு. முன்னவிட இருமல் ஜாஸ்தியாவுது. ஒங்க மாமி பயப்படுறா."

தமீம் ஏணியின் உச்சியில் நின்றிருந்தான். முகம் மலர்ந்துவிட்டது. "எழுந்துட்டாங்க மாமா" என்றான். பிறகு ஏணி மேலேயே உட்கார்ந்து கால் மணி நேரம் விளக்கினான். கீழே வாடிக்கையாளர் ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அடுத்த வெள்ளி, சாப்பாடு முடிந்ததும் மாடிக்குப் போய், பதினேழு வருடத்தில் முதன்முறையாக அவுட்டோர் யூனிட்டைத் திறந்தான். உள்ளே அணில் கூடு ஒன்று இருந்தது. மீட்டரை மாட்டினான். முள் அசையவில்லை. அப்போது ஏழாம் படியில் இருமல் கேட்டது. அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தான். ஈரமான, கனமான, வேலை நடக்கிற இருமல். அவனுக்கும் பதிலுக்கு ஒன்று வந்தது.

மாமா மேலே வந்து காயிலை எட்டிப் பார்த்தார். "கேஸ் இருக்குதா மாப்புள?"

"சுத்தமா இல்லீங்க மாமா."

"அதான பாத்தேன். ஒங்க மாமி வருஷக்கணக்கா வேர்க்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தா. நாந்தான் மாப்புள பாத்துட்டாரு, பேசாம படுன்னு சொல்லுவேன்."

மாமி கீழிருந்து சாயா கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, அணில் கூட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். தமீம் தம்ளரை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தினான். முகர்ந்தான். மாமாவும் முகர்ந்தார். ஏலக்காய்.